ஏலக் கொட்டகையில் ஒரு கரும்பலகை

இன்று காலை ஐந்தரை மணிக்கு ஏலக் கொட்டகைக்குப் போய், கரும்பலகையைத் துடைத்து, பிப்ரவரி மாதச் செய்திகளை எழுதிவிட்டு வந்தேன். வாடைக்காற்றின் ஈரத்தில் சாக்பீஸ் பிடிக்கவே இல்லை. ஒவ்வோர் எழுத்தையும் இரண்டு தடவை இழுக்க வேண்டியிருந்தது. ஆறு மணிக்குப் படகுகள் கரை சேரத் தொடங்கின. நண்டுக் கூடையை இறக்கி வைத்த ஓர் அண்ணன் பலகை முன்னால் வந்து நின்றார். ஈரக் கையைக் கைலியில் துடைத்துக்கொண்டு, உதட்டை அசைத்து அசைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். "பத்தாம் தேதி பூச்சி மாத்திரையா? ரெண்டாவது படிக்கிற என் மகளுக்கு உண்டாம்மா?" என்று கேட்டார். உண்டு என்றேன். தலையை ஆட்டிவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்த ஒரு கேள்வி வர வேண்டும் என்றுதான் அந்தப் பலகையை அங்கே மாட்டினோம்.

பலகையில் பத்து வரிக்கு மேல் கொள்ளாது. மீதியை இங்கே எழுதுகிறேன். தென்கடல் பக்கம் போய்த் தங்கியிருக்கிற குடும்பங்களுக்கும், சவுதி, குவைத் என்று வேலைக்குப் போயிருக்கிற அப்பாக்களுக்கும் பலகை எட்டாது. இது எட்டும்.

புதிதாகப் படிப்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் உச்சிப்புளிக்கு வடக்கே, பாக் நீரிணையைப் பார்த்த கரை. நாங்கள் வடகடல் என்போம். தெற்கே போனால் மன்னார் வளைகுடா, அது தென்கடல். நடுவில் இருப்பது பனையும் உடைமரமும் மணலுமான ஒரு நாக்கு நிலம். பள்ளிக்கூடம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்து வரை 58 பிள்ளைகள், இரண்டு டீச்சர்கள். என் மகன் மூன்றாம் வகுப்பு. நான் வீட்டில் தையல் வேலை பார்க்கிறேன். பள்ளி மேலாண்மைக் குழுவுக்குத் தலைவியாகவும் இருக்கிறேன். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்தான் இருக்க வேண்டும், பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அதாவது பள்ளிக்கூடத்தில் என்ன நடக்கிறது என்று கேட்க நமக்குச் சட்டமே இடம் கொடுத்திருக்கிறது. ஆனால் கேட்பதற்கு முதலில் செய்தி வந்து சேர வேண்டுமே.

பள்ளிக்கூடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. டீச்சர் எல்லாவற்றையும் அதில் போட்டுவிடுவார். எங்கள் வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு போன்தான். அது அவருடன் கடலுக்குப் போய்விடும். பாலித்தீன் பையில் சுற்றி, தண்ணீர் படாத மூலையில் வைத்திருப்பார்கள். கரை மறைகிற தூரம் போனால் சிக்னல் இருக்காது. கரைக்கு வந்தவுடன் ஏலம், ஐஸ், எண்ணெய்க் கணக்கு, அப்புறம் தூக்கம். கூட்டத்துக்கு வரச் சொன்ன செய்தியை அவர்கள் பார்க்கும்போது கூட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். வீட்டில் இருக்கிற அம்மாவுக்கு அப்படி ஒரு செய்தி வந்ததே தெரியாது.

கூட்டம் நடக்கிற நாளும் அப்படித்தான் அமைந்திருந்தது. வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணி. இந்தக் கடலில் திங்கள், புதன், சனி விசைப்படகுக்கு. மற்ற நாள்கள் நாட்டுப்படகுக்கு. பல வருட ஏற்பாடு இது. எங்கள் ஊரில் இருப்பதெல்லாம் நாட்டுப்படகு. வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு எங்கள் ஆண்கள் வலையை ஏற்றிக்கொண்டிருப்பார்கள். பெண்களில் பாதிப் பேர் மீன் விற்கப் போன இடத்திலிருந்து திரும்பியிருக்க மாட்டார்கள். அதனால் கூட்டத்துக்கு வருவது ஏழு பேர். ஒவ்வொரு மாதமும் அதே ஏழு பேர். மீதிப் பெற்றோருக்கு அக்கறை இல்லை என்று வெளியிலிருந்து வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போவார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு எரியும். விடிய விடியக் கடலில் கிடக்கிற மனிதன் யாருக்காகக் கிடக்கிறான்?

போன நவம்பரில் பெரிய டீச்சரிடம் (தலைமையாசிரியையை ஊரே அப்படித்தான் கூப்பிடும்) இதைச் சொன்னேன். கூட்டத்தைப் புதன்கிழமைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "பதிவேட்டுல வெள்ளிக்கிழமை கூட்டம் நடந்துதான் ஆகணும். ஆனா புதன்கிழமை சாயங்காலம் நான் கடற்கரைக்கு வந்து உட்கார்றதை யாரும் வேண்டாம்னு சொல்லப் போறதில்ல."

அப்படித்தான் கரைக் கூட்டம் தொடங்கியது. டிசம்பர் முதல் புதன், மாலை ஐந்து மணி, ஏலக் கொட்டகைக்குப் பக்கத்தில் வலை காயப்போடுகிற பூவரச மரத்தடி. நாற்காலி கிடையாது. வலை வேலை பார்க்கிறவர்கள் பார்த்துக்கொண்டே இருக்கலாம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டோம். 31 பேர் வந்தார்கள். அதில் 14 பேர் அப்பாக்கள். பெரிய டீச்சர் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு பிள்ளையின் பெயராகச் சொல்லி, அது என்ன படிக்கிறது, எதில் தடுமாறுகிறது என்று பேசினார்.

அன்று நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். நான்காம் வகுப்புப் பெண் ஒருத்தி 'ஊஞ்சல்' இதழைக் கையில் வைத்திருந்தாள். நாலாவது, அஞ்சாவது பிள்ளைகளுக்காகக் கல்வித்துறை கொடுக்கிற இதழ் அது. ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொன்னார் டீச்சர். அவள் அப்பா நாலடி தள்ளி உட்கார்ந்து நண்டு வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்தார். வலை ஊசி கண்ணிக்குள் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது. மகள் வாசிக்கத் தொடங்கியதும் கை மெதுவானது. இரண்டாவது பத்தியில் ஒரு நீளமான சொல்லை அவள் பிரிக்காமல் ஒரே மூச்சில் சொன்னாள். ஊசி பாதிக் கண்ணியில் அப்படியே நின்றுவிட்டது. நூல் கட்டைவிரலில் சுற்றியபடி இருந்தது. வாசித்து முடித்து அவள் உட்காரும் வரை அவர் நிமிரவில்லை. அப்புறம் ஊசியை உருவி வலையின் மேல் வைத்துவிட்டு, "இன்னொரு பக்கம் படி தாயி" என்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மகள் படிப்பதை அவர் கேட்டது அன்றுதான் முதல் தடவை. அவள் பள்ளியில் இருக்கும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார், அவள் வீட்டுக்கு வரும்போது அவர் கடலுக்குப் புறப்பட்டுப் போயிருப்பார். இத்தனைக்கும் ஒரே வீடு.

ஜனவரிக் கூட்டத்துக்கு 36 பேர். கரும்பலகை யோசனையை அந்தக் கூட்டத்தில் ஒரு மதினிதான் சொன்னார். "காலையில எல்லாக் கண்ணும் ஏலத்துலதான் இருக்கு. அங்க எழுதிப் போடு" என்றார். பள்ளியில் மூலையில் கிடந்த பழைய மரப்பலகைக்குக் கறுப்பு பெயின்ட் அடித்து மாட்டினோம்.

இப்போது மனதை அழுத்திக்கொண்டிருக்கிற விஷயத்துக்கு வருகிறேன்.

வாடை தொடங்கினால் வடகடல் கொந்தளிக்கும், தென்கடல் அடங்கிக் கிடக்கும். மேல்காற்றான கச்சான் அடிக்கும்போது அப்படியே தலைகீழ். அதனால் ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் ஊரிலிருந்து சில குடும்பங்கள் படகோடு தென்கடல் கரைக்குப் போய்க் குடிசை போட்டுத் தங்கிவிடும். மாசியில் திரும்பி வரும். இந்த வருடம் ஒன்பது பிள்ளைகள் போயிருக்கிறார்கள். பிழைப்பு அது, போகாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் அப்பாவும் என்னைக் கூட்டிக்கொண்டு போனவர்தான்.

நான் நான்காம் வகுப்பில் இருந்தபோது மூன்று மாதம் தென்கடல் கரையில் இருந்தோம். காலையில் தண்ணீர் எடுக்க மணலில் ஊற்றுத் தோண்டுவது, அப்பா கொண்டு வருகிற மீனைத் தரம் பிரிப்பது, தம்பியைப் பார்த்துக்கொள்வது என்று நாள் போகும். திரும்பி வந்து வகுப்பில் உட்கார்ந்தபோது கரும்பலகையில் வகுத்தல் கணக்கு இருந்தது. எல்லாரும் செய்தார்கள். எனக்கு அந்தக் கோடும் வளைவும் என்னவென்றே புரியவில்லை. கேட்க வெட்கமாக இருந்தது. கேட்காமலே விட்டேன். ஐந்தில் பின்னம் வந்தது, அதுவும் புரியவில்லை. எட்டாம் வகுப்போடு நின்றேன். கல்யாணமாகி, மகன் பிறந்த பிறகு, தனித்தேர்வராகப் பத்தாம் வகுப்பு எழுதித் தேறினேன். வகுத்தலை நான் கற்றுக்கொண்டது அப்போதுதான், இருபத்தாறு வயதில். மூன்று மாதத்தில் விட்டதைப் பிடிக்கப் பதினேழு வருடம் ஆனது.

அதனால் தென்கடல் கரையில் இருந்து இதைப் படிக்கிற அக்காமாரே, அண்ணன்மாரே, ஒன்றை மட்டும் செய்யுங்கள். நீங்கள் தங்கியிருக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அரசுப் பள்ளியில் பிள்ளையைக் கொண்டுபோய் உட்கார வையுங்கள். மாற்றுச் சான்றிதழ் இல்லையே என்று தயங்க வேண்டாம். கல்வி உரிமைச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவு இதற்கென்றே இருக்கிறது. சான்றிதழ் வரத் தாமதமாகிறது என்பதைக் காரணம் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கவோ இழுத்தடிக்கவோ கூடாது என்று அதில் இருக்கிறது. போகும் முன் பெரிய டீச்சரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் அவரே அந்தப் பள்ளிக்குப் பேசிவிடுவார். இந்த வருடம் ஒன்பதில் நான்கு பேர் அப்படி அங்கே பள்ளிக்குப் போகிறார்கள். மீதி ஐந்து பேரின் பயிற்சிப் புத்தகங்களைக் கட்டி வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் மீன் எடுக்கப் போகிற வண்டியில் கொடுத்துவிடுகிறேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், வகுப்பில் இப்போது 'எண்ணும் எழுத்தும்' முறையில்தான் பாடம் நடக்கிறது. அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. வயதைப் பார்த்து இல்லை, பிள்ளைக்கு என்ன தெரியும் என்று பார்த்து நிலையில் சேர்ப்பார்கள். "என் மகன் மூணாவது படிக்கிறான், ஏன் சின்னப் பிள்ளைகளோட அரும்புல இருக்கான்?" என்று சிலர் கோபப்படுகிறார்கள். அது தண்டனை இல்லை. நான் இருந்த காலத்தில் அப்படி ஒரு அரும்பு இருந்திருந்தால், வகுத்தல் தெரியாமல் ஐந்தாம் வகுப்புக்குப் போயிருக்க மாட்டேன். என் மகன் ஜூனில் மொட்டில் இருந்தான், பொங்கல் முடிந்ததும் மலருக்கு வந்தான். ஒரு குடும்பம் திரும்பி வரும்போது அந்தப் பிள்ளை எந்த நிலையில் நிற்கிறதோ அங்கிருந்து கை பிடித்துக் கூட்டி வர டீச்சர்கள் தயாராக இருக்கிறார்கள். வந்த அன்றே அனுப்புங்கள். வீடு ஒதுங்க வைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும் என்று ஒரு வாரம் தள்ளாதீர்கள்.

சரி, இனி வரப்போகிற நாள்கள்.

பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள். கிராமச் செவிலியர் பள்ளிக்கு வருவார். அல்பெண்டசோல் மாத்திரை, கடித்து மென்று விழுங்க வேண்டும். மணலில் செருப்பில்லாமல் திரிகிற பிள்ளைகள் நம் பிள்ளைகள், இது கட்டாயம் வேண்டும். வயிற்றில் புழு அதிகம் இருந்தால் மாத்திரை போட்ட அன்று லேசாக வயிறு வலிக்கலாம், குமட்டலாம். சற்று நேரத்தில் சரியாகிவிடும். போன வருடம் அதற்குப் பயந்து இரண்டு வீட்டில் பிள்ளையை அன்று அனுப்பவே இல்லை. அனுப்புங்கள். காய்ச்சல் மாதிரி ஏதாவது இருந்தால் செவிலியரிடம் சொன்னால் போதும், விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுப்பார்கள்.

பிப்ரவரி மூன்றாவது வாரத்தில் மண்டபம் போகிறோம், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மீன் காட்சியகம் பார்க்க. 1947இல் தொடங்கிய நிறுவனம், ஆரம்ப காலத்தில் அதன் தலைமையகமே மண்டபத்தில்தான் இருந்தது. நம் பிள்ளைகளுக்கு மீன் தெரியும், கூடையில் கிடக்கிற மீன். கண்ணாடிக்குப் பின்னால் உயிரோடு நீந்துகிற மீனை அவர்கள் நின்று பார்க்க வேண்டும்.

போன வருடமே போயிருக்க வேண்டிய பயணம் இது. வாடகைக்குப் பேசிய வண்டி கடைசி நேரத்தில் வரவில்லை. முன்பணம் வாங்கியவர் போனையும் எடுக்கவில்லை. காலை ஏழு மணிக்குத் தலை வாரி, பவுடர் போட்டு, புளிச்சாதப் பொட்டலத்தோடு 40 பிள்ளைகள் வாசலில் நின்றார்கள். ஒன்பது மணி வரை நின்றார்கள். ஒன்றாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் அழவில்லை, பொட்டலத்தை நெஞ்சோடு வைத்துக்கொண்டு சாலையையே பார்த்துக்கொண்டிருந்தான். அதைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

அப்போது அங்கே வந்த ஊர்ப் பெரியவர் ஒருவர், கரைவலை இழுத்துக் காய்ந்த கை, "வாங்கடா, கடலை நான் காட்டுறேன்" என்று எல்லாரையும் நம் கரைக்கே கூட்டிக்கொண்டு போனார். பதினொரு மணி வரை நடந்தார்கள். ஐவிரல் சங்கு எது, பால்சங்கு எது என்று எடுத்து எடுத்துக் காட்டினார். பிள்ளைகளை வட்டமாக நிற்க வைத்து, வடக்கே பார்த்து வாடை, கிழக்கே பார்த்துக் கொண்டல், தெற்கே சோழகம், மேற்கே கச்சான் என்று முகத்தைத் திருப்பித் திருப்பிக் காற்றுகளின் பெயரைச் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் இன்றும் அதைச் சொல்கிறார்கள். மறுநாள் வகுப்பில் திசைகள் பாடம் நடத்தினபோது டீச்சருக்கு வேலையே இல்லையாம்.

அதனால் இந்த வருடம் இரண்டுமே உண்டு. மண்டபத்துக்கு வாடகை வண்டி கிடையாது, நகரப் பேருந்தில் போகிறோம். அம்மாக்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் பத்துப் பேராவது துணைக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கரை நடை மார்ச் முதல் சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு. பெரியவர் சம்மதித்துவிட்டார். தாத்தா, அப்பத்தா, அம்மாச்சி யார் வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம். ஆளுக்கு ஒரு பை கொண்டு வாருங்கள். வரும்போது கரையில் கிடக்கிற நைலான் வலைத் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு வருவோம்.

பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று டீச்சர் வனத்துறையிடம் கேட்டிருக்கிறார். தை, மாசியில் தாய் ஆமை கரையேறி முட்டையிடும். தனுஷ்கோடிப் பக்கம் வனத்துறையினர் அந்த முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் மணலுக்குள் வைத்துக் காப்பார்கள். பொரிக்க ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகும் என்பதால் நாள் இப்போதே சொல்ல முடியாது, மார்ச்சில் இருக்கலாம். அதிகாலைப் பயணம். நாலாவது, அஞ்சாவது பிள்ளைகள் மட்டும், ஒவ்வொருவருடனும் வீட்டிலிருந்து ஒருவர். வலையில் ஆமை மாட்டினால் வலையை அறுத்தாவது விட்டுவிடுகிற அப்பாக்கள் நம்மிடம் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் அன்று பிள்ளைகளிடம் பேசினால் நன்றாக இருக்கும்.

ஆண்டு விழா மார்ச் மாதம் ஒரு புதன்கிழமை மாலை. தேதியை இன்னும் முடிவு செய்யவில்லை. காரணம், கச்சத்தீவு அந்தோணியார் திருவிழா. தவக்காலத்தில் வருகிற திருவிழா, பிப்ரவரிக் கடைசியிலோ மார்ச்சிலோ அமையும். போகிறவர்கள் நம் ஊரில் இருக்கிறார்கள், அதை ஒட்டி விழா வைக்க மாட்டோம்.

இந்த முறை விழாவில் சினிமாப் பாட்டு ஆட்டத்தைக் குறைத்துக்கொள்ளலாம் என்று குழுவில் பேசினோம். பதிலாக அம்பாப் பாட்டு. வலை இழுக்கும்போதும் படகு தள்ளும்போதும் ஏலேலோ போட்டுப் பாடுகிற பாட்டுகள் இப்போது இஞ்சின் சத்தத்தில் மறைந்துகொண்டிருக்கின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரும் வீடு வீடாகப் போய்த் தாத்தாக்களிடம் கேட்டு நோட்டில் எழுதி வருகிறார்கள். இதுவரை பதினொரு பாட்டு சேர்ந்திருக்கிறது. சிலருக்கு முதல் அடி மட்டும்தான் நினைவிருக்கிறது, அதையும் எழுதி, கீழே இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அடுத்த அடி தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கண்காட்சிக்கு மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் தெர்மாகோலில் பாம்பன் பாலம் செய்கிறார்கள். 1914இல் திறந்த பழைய பாலம் இரண்டு கையை விரிக்கிற மாதிரித் திறந்து வந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதுப் பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே நேராக மேலே ஏறும். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் செய்ய வேண்டும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். தூக்குவதற்கு நூலும் கப்பியும் வேண்டும். என் தையல் மெஷினின் பழைய நூல்கண்டுகள் கப்பியாகிவிட்டன. காலி தெர்மாகோல் மீன் பெட்டி உடைந்தது இருந்தால் எறியாமல் கழுவிக் கொடுங்கள்.

அடுத்து மாணவர் சேர்க்கை. இதை நிதானமாகப் படியுங்கள்.

கல்வி உரிமைச் சட்டப்படி தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை என்றால் மூன்று. நம் பள்ளியில் 58. ஏப்ரலில் ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டுப் பேர் போய்விடுவார்கள். மீதி 50. அப்படியென்றால் ஒன்றாம் வகுப்பில் பதினொரு பிள்ளைகள் புதிதாகச் சேர்ந்தால் 61, மூன்றாவது ஆசிரியர் கேட்க நமக்கு வழி பிறக்கும். இப்போது ஒரு டீச்சர் ஒன்று, இரண்டு, மூன்றையும், இன்னொருவர் நான்கு, ஐந்தையும் பார்க்கிறார்கள். ஒருவர் பயிற்சிக்கோ அலுவலகத்துக்கோ போனால் அன்று ஐந்து வகுப்பும் ஒரே ஆள் கையில். அங்கன்வாடிக் கணக்குப்படி நம் ஊரில் ஐந்து வயது முடிகிற பிள்ளைகள் பதினான்கு பேர். அதில் ஆறு வீட்டில் வேனில் அனுப்புகிற தனியார் பள்ளியை யோசிக்கிறார்கள் என்று தெரியும். அது அவரவர் விருப்பம். ஆனால் முடிவெடுக்கும் முன் ஒரு நாள் காலை வந்து வகுப்பில் உட்கார்ந்து பாருங்கள், எந்த நாளானாலும் சரி. பிறப்புச் சான்றிதழ் கையில் இல்லை என்றாலும் சேர்க்கை நிற்காது, அதை அப்புறம் வாங்கிக்கொள்ளலாம்.

ஐந்தாம் வகுப்பு முடிக்கிற எட்டுப் பேரில் ஐந்து பேர் பெண்பிள்ளைகள். ஆறாம் வகுப்புக்கு நான்கு கிலோமீட்டர் போக வேண்டும் என்று இரண்டு வீட்டில் நிறுத்திவிடலாமா என்ற பேச்சு காதில் விழுந்தது. நிறுத்தாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய். மருத்துவம், பொறியியல் போன்ற படிப்புகளில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு. இரண்டுக்கும் கணக்கு ஆறாம் வகுப்பிலிருந்துதான் தொடங்குகிறது. ஏப்ரலில் எட்டுப் பேரையும் அம்மாக்களோடு அந்தப் பள்ளிக்கு ஒரு நாள் கூட்டிக்கொண்டு போகிறோம். ஐந்து பெண்களும் சேர்ந்து போய்ச் சேர்ந்து வரட்டும்.

கடைசியாக, காலை உணவு. 2023 ஆகஸ்ட்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபோது நம் பள்ளிக்கும் வந்தது. அதற்கு முன், பாசி வளர்க்கிற மிதவை வேலைக்கு விடியுமுன் இறங்குகிற அம்மாக்களின் பிள்ளைகள் டீயும் வர்க்கியுமாகத்தான் வகுப்புக்கு வருவார்கள். பத்தரை மணிக்குத் தலை சாய்ந்துவிடும். இப்போது சுய உதவிக் குழு அக்காமார் ஆறு மணிக்கே அடுப்பைப் பற்ற வைத்துவிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவர் சாப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

போன புதன்கிழமை என் முறை. பொங்கல், சாம்பார். சாம்பாரில் உப்புக் கரித்தது. அக்கா கூடுதலாகப் போடவில்லை, அன்று குழாயில் தண்ணீர் வராததால் அடிகுழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தார். நம் ஊர் நிலத்தடித் தண்ணீருக்கே உப்பு உண்டு. சாம்பாரை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்து வீட்டில் இரண்டு குடம் காவிரித் தண்ணீர் வாங்கி வந்து வேறு வைத்தோம். பிள்ளைகள் அரை மணி நேரம் தாமதமாகச் சாப்பிட்டார்கள். இதற்காகத்தான் பள்ளிக்கு ஒரு நிலத்தொட்டி வேண்டும், குழாயில் வருகிற நாளில் நிரப்பி வைக்க வேண்டும் என்று ஜனவரி 26 கிராம சபையில் எழுதிக் கொடுத்தோம். தீர்மானமாகப் பதிவாகிவிட்டது, நகலை வாங்கி வைத்திருக்கிறேன். தொட்டி வரும் வரை, பள்ளிக்குப் பக்கத்து ஐந்து வீடுகளும் முறை வைத்து நாளுக்கு இரண்டு குடம் கொடுக்க ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். ஆறாவது, ஏழாவது வீடு கிடைத்தால் ஒவ்வொருவருக்கும் சுமை குறையும்.

சாப்பிட்டுப் பார்க்கிற முறைக்கு மார்ச்சில் நான்கு நாள் ஆள் இல்லை. அப்பாக்களும் வரலாம். படகு கரை சேர்ந்து, ஏலம் முடிந்து, வீட்டுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடம் இருக்கிறது. எட்டு மணிக்கு வந்தால் போதும். பெயரைக் கரும்பலகையின் கீழ் ஓரத்தில் எழுதி வையுங்கள், சாக்பீஸை ஆணியில் டப்பாவோடு கட்டித் தொங்கவிட்டிருக்கிறேன். எழுத வராதவர்கள் படகு எண்ணை மட்டும் போட்டால் எனக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த கரைக் கூட்டம் பிப்ரவரி முதல் புதன், மாலை ஐந்து மணி, பூவரச மரத்தடி. இந்தத் தடவை வாசிக்கப் போவது இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள். வலையையும் ஊசியையும் எடுத்துக்கொண்டே வாருங்கள்.